மண்ணைப் படித்த மாமனிதர் ஜோசையா வெட்ஜ்வுட்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

காலையில் தேநீர் பருகும் கோப்பையையும் உணவு உண்ணும் தட்டையும் நாம் நாள்தோறும் கையில் எடுக்கிறோம். அவற்றைச் செய்தவர் யார், எத்தனை கைகள் மாறி அவை நம்மிடம் வந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. களிமண்ணைப் பிசைவதும் வனைவதும் சுடுவதும் எழுத்தறியாதார் தொழில் என்றே உலகில் பலர் நீண்ட காலம் கருதி வந்தனர். அந்தத் தொழிலுக்குள்ளேயே ஓர் ஆய்வுக்கூடத்தைக் கண்டவர், ஒன்பது வயதோடு பள்ளியை விட்ட ஒரு குயவர் வீட்டுப் பிள்ளை. அவர்தாம் இங்கிலாந்து நாட்டின் ஜோசையா வெட்ஜ்வுட். அறிவியல் பயிலும் நாம் அவருடைய வாழ்வை அறிந்து கொள்வது பயனுடையது.

குயவர் குலத்தில் ஒரு கடைக்குட்டி

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே பர்ஸ்லம் என்ற ஊரில் களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்தன. ஆகவே அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக மட்பாண்டம் செய்து வந்தனர். அத்தகைய ஒரு குடும்பத்தில் 1730ஆம் ஆண்டில் கடைசிக் குழந்தையாக ஜோசையா பிறந்தார். 1739இல் தந்தை மறைந்தார். சிறுவனின் பள்ளிப் படிப்பு அத்துடன் முடிந்தது. மூத்த அண்ணன் தாமஸ் நடத்திய பட்டறையில் அவர் வேலைக்குப் புகுந்தார்.

சில ஆண்டுகளில் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தது, ஆனால் வலது முழங்கால் வலுவிழந்து போயிற்று. அக்காலத்தில் குயவன் சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுழற்ற வேண்டும். நல்ல வனைவாளனாகத் தேறி வந்த சிறுவனுக்கு அது இயலாததாகிவிட்டது. 1744இல் அண்ணனிடமே ஐந்தாண்டுப் பயிற்சிக்கு முறைப்படி ஒப்பந்தமான அவர், சக்கரத்தை விட்டு விலகிப் பட்டறையின் பிற வேலைகளில் கருத்தைச் செலுத்தினார். அச்சு எடுப்பது, மண் கலப்பது, மெருகு அரைப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கற்றார்.

பட்டறையில் ஒரு நாள்

அந்நாளைய பட்டறையில் வேலை எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். தோண்டி எடுத்த களிமண்ணை வெயிலிலும் மழையிலும் பனியிலும் கிடக்கவிட்டுப் பதப்படுத்துவர். பின் நீரில் கரைத்துக் கூழாக்கிச் சல்லடையில் வடிப்பர். கல்லும் வேரும் நீங்கிய அக்கூழை அடுப்பின்மேல் அமைந்த தொட்டியில் காய்ச்சி நீரை வற்றச் செய்வர். அதன்பின் மண்ணை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து, உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் பிசைவர். குமிழ் ஒன்று தங்கிவிட்டால் சூளையில் பாண்டம் பழுதாகக்கூடும்.

வனைந்த பாண்டம் பாதி உலர்ந்து, தோல் போன்ற பதத்துக்கு வந்ததும் கடைசல் பொறியில் ஏற்றிச் சீவுவர். ஒருவர் கைப்பிடி ஒட்டுவார். இன்னொருவர் கெண்டியின் மூக்கை ஒட்டுவார். நன்கு உலர்ந்த பின் முதற் சூடு. பிறகு மெருகுக் கரைசலில் தோய்த்து இரண்டாம் சூடு. புகையும் சாம்பலும் படாதிருக்க, பாண்டங்களைத் தீயைத் தாங்கும் மண்பெட்டிகளில் அடுக்கிச் சூளைக்குள் கோபுரம் போல் ஏற்றுவர். சூளை எரிந்து, ஆறி, திறக்கப்படும் வரை உள்ளே என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. பல நாள் உழைப்பு ஒரே இரவில் பாழாவதும் உண்டு.

தீ சற்று மிகுந்தால் பாண்டம் கோணும். குறைந்தால் மெருகு உருகாது. இந்த வேலைகள் அனைத்தும் கைப்பழக்கத்தாலும் கண் மதிப்பாலும் மட்டுமே நடந்தன. ஒருமுறை நன்றாக வந்தது மறுமுறை ஏன் வரவில்லை என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. அந்த விடையைத் தேடியதே வெட்ஜ்வுட்டின் வாழ்க்கை.

சோதனை ஏடு

1754இல் தாமஸ் வீல்டன் என்ற புகழ்பெற்ற குயவருடன் அவர் கூட்டுச் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான், 1759இல், தம் சோதனை ஏட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு சோதனைக்கும் ஓர் எண். எந்த மண் எத்தனை பங்கு, எந்தக் கனிமம் எத்தனை பங்கு என்பது பிறர் அறியாத குறியீட்டில் ஏட்டில் எழுதப்படும். அதே எண் சிறு மண் துண்டிலும் பொறிக்கப்படும். சூளையில் எவ்விடத்தில் அதை வைத்தார் என்பதுகூட அதில் குறிக்கப்படும். ஒரே சூளையின் உச்சியில் ஒரு சூடும் அடியில் வேறு சூடும் இருப்பதை அவர் அறிந்திருந்தார். இன்று நம் ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டு எழுதுவதை நாம் சுமையாக நினைக்கிறோம். கல்லூரியையே காணாத ஒருவர், தம்மைக் கேட்பார் யாரும் இல்லாதபோதும், அதைத் தாமே விரும்பிச் செய்தார். 1764இல் அவரை மணந்த உறவுப் பெண் சாராவும் அந்தக் குறியீடுகளைக் கற்றுச் சோதனைகளைப் பதிவு செய்ய உதவினார்.

1759இலேயே பர்ஸ்லத்தில் ஐவி இல்லம் என்னும் இடத்தை வாடகைக்கு எடுத்துச் சொந்தத் தொழில் தொடங்கினார். அவருடைய முதற் பெருவெற்றி வெண்ணெய் நிறப் பாண்டம். வெளிர்நிறக் களிமண்ணுடன், சுட்டு நீரில் அரைத்த சிக்கிமுக்கிக் கல்லைச் சேர்த்து, காரீயம் கலந்த மெருகு பூசினார். சீனப் பீங்கானை வாங்க இயலாத நடுத்தர மக்களுக்கும் அழகிய பாண்டம் கிடைத்தது. 1765இல் அரசி சார்லட் ஒரு தேநீர்த் தொகுதி செய்யப் பணித்தார். அதன்பின் அப்பாண்டம் அரசியின் பாண்டம் என்றே பெயர் பெற்றது.

காலை இழந்தும் தளராதவர்

1762இல் லிவர்ப்பூல் செல்லும் வழியில் பழைய முழங்காலில் மீண்டும் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். அப்போது மருத்துவர் ஒருவர் வழியாகத் தாமஸ் பென்ட்லி என்ற வணிகரின் நட்பு கிடைத்தது. பென்ட்லி நன்கு கற்றவர்; பல மொழி அறிந்தவர். பள்ளி தர முடியாததை அந்த நட்பு வெட்ஜ்வுட்டுக்குத் தந்தது எனலாம். இருவரும் பின்னர் தொழிற்பங்காளிகள் ஆயினர்.

கால் வலி தீரவில்லை. 1768ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் வலது கால் வெட்டி எடுக்கப்பட்டது. மயக்க மருந்து அறியாத காலம் அது. எஞ்சிய வாழ்நாளை மரக்காலுடனேயே கழித்தார். அந்த நாளை ஆண்டுதோறும் ஒரு விழா நாளைப் போல அவர் குடும்பத்தார் வேடிக்கையாக நினைவுகூர்ந்தனர் என்றால் அவருடைய மனத்திண்மையை என்னென்பது!

ஓராண்டு கழிந்தது. 1769 ஜூன் 13இல் எட்ரூரியா என்ற பெயரில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. பென்ட்லி சக்கரத்தைச் சுழற்ற, வெட்ஜ்வுட் தம் கையால் ஆறு சாடிகள் வனைந்தார். கால் இல்லாத குயவருக்கு நண்பர் காலாக நின்ற காட்சி அது. குண்டும் குழியுமான சாலைகளில் பொதிக்குதிரைமீது சென்ற பாண்டங்கள் வழியிலேயே உடைந்தன. அதற்காகக் கால்வாய் வெட்டும் முயற்சியிலும் அவர் முன் நின்றார். டிரென்ட் - மெர்சி கால்வாய்க்கு 1766இல் முதல் மண்ணை வெட்டியவரும் அவரே. 1777இல் நிறைவுற்ற அக்கால்வாய் எட்ரூரியாவின் வாசலை ஒட்டியே ஓடியது.

வேதியியலும் வெப்பமானியும்

1770களில் அவர் ஜாஸ்பர் என்னும் புதுவகைப் பாண்டத்துக்காகப் பாடுபட்டார். ஆயிரக்கணக்கான சோதனைகள் தோற்றன. ஒரு சூளையில் நன்றாக வந்த கலவை மறு சூளையில் கொப்புளித்தது, விரிந்தது. முடிவில் டெர்பிஷயர் பகுதியில் கிடைத்த, பேரியம் சல்பேட் அடங்கிய கனிமமே அவருக்குக் கைகொடுத்தது. பேரியம் என்ற உலோகத்தை டேவி பிரித்தெடுத்ததோ 1808இல்தான். பெயர் தெரியாத தனிமத்தின் சேர்மத்தை ஒரு குயவர் அளந்து பயன்படுத்தியது வியப்பன்றோ! கோபால்ட் ஊட்டிய நீல நிறத்தின்மேல் வெண்ணிற உருவங்கள் எழுந்து நிற்கும் ஜாஸ்பர் பாண்டங்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. இதற்கிடையே ரஷ்யப் பேரரசி கேதரின் கேட்டவாறு, இங்கிலாந்தின் இயற்கைக் காட்சிகளைத் தீட்டிய 952 பாண்டங்கள் கொண்ட விருந்துத் தொகுதியையும் 1774இல் செய்து முடித்தார்.

சூளையின் சூட்டைக் கண்ணால் மதிப்பிடுவது அவருக்கு மனநிறைவு தரவில்லை. பாதரச வெப்பமானியோ அந்தச் சூட்டைத் தாங்காது. களிமண் சூடேறச் சுருங்கும் என்பது எல்லாக் குயவரும் அறிந்ததே. அந்தச் சுருக்கத்தையே அளவாக்கினால் என்ன என்று சிந்தித்தார். ஒரே அளவான சிறு மண் துண்டுகளைச் சூளையில் இட்டு எடுத்து, வரவரக் குறுகும் பள்ளத்தில் நகர்த்தி, எவ்வளவு தூரம் செல்கிறது என்று பார்த்தார். 1782இல் இலண்டன் ராயல் கழகத்துக்கு இதனை விளக்கினார். 1783இல் அக்கழகத்தின் உறுப்பினரானார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அந்த அளவுகளை அவர் பாரன்ஹீட் பாகைக்கு மாற்றியது பெரும்பிழையாயிற்று. வார்ப்பிரும்பு உருகும் வெப்பநிலை அவர் கணக்கில் ஏறத்தாழ 18,000 பாகை. உண்மையில் அது 2,200 பாகை அளவே. எனினும் நேற்றைய சூளையையும் இன்றைய சூளையையும் ஒப்பிட அக்கருவி உதவியது. முன்பு அனுபவசாலி ஒருவரின் கண்ணில் மட்டும் இருந்த அறிவு, யாரும் படிக்கக்கூடிய எண்ணாக மாறியது. அறிவியல் வளர்வது இவ்வாறுதான். முதல் அளவு தவறாகலாம், அளக்க முற்பட்டது தவறாகாது.

மணியோசையும் மனிதரும்

வெட்ஜ்வுட் தம் ஆலையில் வேலையைப் பிரித்தார். வனைபவர் வனைவார், கடைபவர் கடைவார், தீட்டுபவர் தீட்டுவார். மணி அடித்து ஆட்களை அழைத்தார். திங்கட்கிழமை தோறும் விருப்பம் போல் விடுப்பு எடுத்தும், திருவிழாக் காலத்தில் பட்டறையை மறந்தும் பழகிய குயவர்களுக்கு அது கசந்தது. பாண்டத்தின் தரம் உயர்ந்தது; ஆனால் ஒரு பாண்டத்தை முதலிலிருந்து முடிவு வரை தானே செய்யும் கைவினைஞனின் பெருமை குறைந்தது. சிறுவர் சிறுமியரும் அந்த ஆலைகளில் வேலை செய்தனர். மெருகுத் தொட்டியின் காரீய நஞ்சும் சிக்கிமுக்கிக் கல்லின் தூசியும் அப்பகுதித் தொழிலாளரை அவருக்குப் பின்னும் பல தலைமுறை வாட்டின. 1783இல் உணவுப் பஞ்சத்தின்போது எட்ரூரியா அருகிலேயே மக்கள் கலகம் செய்தனர். அப்போது அவர் கலகத்தைக் கண்டித்தே எழுதினார். இவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவரை முழுமையாக அறிந்தவர் ஆவோம்.

எனினும் அவருடைய நெஞ்சு தம் ஆலைச் சுவருக்குள் அடங்கிவிடவில்லை. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்கும் வணிகத்தை ஒழிக்க 1787இல் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் குழுவில் அவர் சேர்ந்தார். விலங்கிட்ட ஓர் அடிமை முழந்தாளிட்டு, நானும் மனிதன் அல்லனா, உடன்பிறந்தவன் அல்லனா என்று கேட்பதாக ஒரு சிறு பதக்கத்தைத் தம் ஆலையில் செய்வித்தார். ஹாக்வுட் என்ற தம் கலைஞரைக் கொண்டு உருவாக்கி, அவற்றை விலையின்றி வழங்கினார். 1788இல் அமெரிக்காவிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் அனுப்பினார். ஆடவர் பொடி டப்பிகளில் பதித்தனர். பெண்கள் வளையல்களிலும் கொண்டை ஊசிகளிலும் அணிந்தனர்.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அவருடைய செல்வத்துக்குத் தேநீர்க் கோப்பையும் கெண்டியும் ஒரு பெரும் காரணம். அந்தத் தேநீரை இனிப்பாக்கிய சர்க்கரையோ மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்தது. தம் தொழிலை வளர்த்த பழக்கத்தின் பின்னே இருந்த கொடுமையை எதிர்த்துத் தம் தொழிலையே கருவியாக்கினார். பிரிட்டன் அடிமை வணிகத்தை 1807இல் தடை செய்தது. அதைக் காண அவர் இல்லை.

1780இல் பென்ட்லி மறைந்தார். அந்தத் துயரைத் தாங்கி உழைத்த வெட்ஜ்வுட், பழைய ரோமானியக் கண்ணாடிச் சாடியான போர்ட்லண்ட் சாடியை ஜாஸ்பரில் அப்படியே வடிக்கும் அருஞ்செயலை 1790இல் முடித்துக் காட்டினார். 1795 ஜனவரி 3இல் எட்ரூரியாவில் காலமானார். அவருடைய மகள் சூசன்னாவின் மைந்தரே உயிரியல் மேதை சார்லஸ் டார்வின்.

நாம் கற்க வேண்டியது

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர் இருக்கிறோம். படித்தவன் கையை அழுக்காக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மை அறியாமலே நமக்குள் புகுந்துவிடுகிறது. நம் பெற்றோர் கைகளில் உள்ள அறிவு ஏட்டில் இல்லாததால் அது அறிவே அன்று என்றும் நினைத்து விடுகிறோம். வெட்ஜ்வுட் கையின் அறிவைக் கைவிடவில்லை. அதை எழுதினார், அளந்தார், அடுத்தவரும் அறியும்படி செய்தார். எண்ணிட்ட அவருடைய சோதனைத் துண்டுகள் இன்றும் இங்கிலாந்தின் பார்லஸ்டன் அருங்காட்சியகத்தில் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தோல்விகளே. அத்தனை தோல்விகளையும் எறிந்துவிடாமல் எண்ணிட்டு வைத்ததால்தான் அவர் வென்றார். நாமும் அவ்வாறே கற்போமாக.