கரி பூசிய முகம்: பெர்ட் வில்லியம்ஸின் மேடை வாழ்வு

ஒரு கலைஞரின் வாழ்வைப் படிக்கத் தொடங்கினாலும், வழக்குரைஞர்களாகிய நம் கண் முதலில் அவருடைய ஒப்பந்தத்தின் மீதே விழுகிறது. 1910ஆம் ஆண்டு, நியூயார்க்கின் ஆடம்பர மேடை நிகழ்ச்சியான 'ஜீக்ஃபெல்ட் ஃபாலீஸ்' குழுவில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் பெர்ட் வில்லியம்ஸ் சேர்ந்தார். வெள்ளைப் பெண் எவருடனும் மேடையில் தனித்து நிற்பதில்லை, தென் மாநிலங்களுக்குப் பயணம் செல்வதில்லை என்னும் ஏற்பாட்டுடனேயே அவர் அங்கு நுழைந்தார். இதை அவமானமாக மட்டும் வாசிப்பது பிழை. வெள்ளைப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்ததாகப் பழிசுமத்திக் கறுப்பின ஆண்களைக் கும்பல்கள் தூக்கிலிட்ட காலம் அது. அந்த ஏற்பாடு அவருடைய உயிருக்கும் காவலாயிற்று.

1874இல் பஹாமாஸ் தீவுகளின் நசாவில் பிறந்தவர் வில்லியம்ஸ். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தது. கலிபோர்னியாவில் வளர்ந்தார், பாஞ்சோ வாசித்தார். 1893இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கரைச் சந்தித்தார். வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக் கறுப்பினத்தவரை எள்ளி நகையாடுவது அன்றைய மேடையின் வழக்கம். இவ்விருவரும் அந்த வசைச்சொல்லையே எடுத்து, நாங்களே அசல் என்று விளம்பரம் செய்துகொண்டனர். அது பணிவா, கிண்டலா? இரண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் வில்லியம்ஸ் வெளிர் நிறத்தவர். கரீபியப் பேச்சு உடையவர். ஆகவே அவரும் கரி பூசிக்கொண்டார்; மேடைக்குரிய கொச்சையை அந்நிய மொழிபோல் பயின்றார். வெள்ளையர் கற்பனையில் உருவான கறுப்பினத்தவரை, ஒரு கறுப்பினத்தவர் பாடம் கேட்டு நடிக்க வேண்டியிருந்தது.

1896 மே மாதம், பிளெஸ்ஸி எதிர் பெர்குசன் வழக்கில், இனவாரியாகப் பிரித்துவைப்பது அரசமைப்புக்கு உகந்ததே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில்தான் இருவரும் நியூயார்க் மேடையேறினர். 1900ஆம் ஆண்டு நியூயார்க் இனக் கலவரத்தில் வெள்ளைக் கும்பலிடமிருந்து வாக்கர் உயிர்தப்பினார். 1903இல் 'இன் தஹோமி' பிராட்வேயின் பெரிய அரங்கொன்றில் அரங்கேறியது. கறுப்பினத்தவரே எழுதி நடித்த முழுநீள இசை நாடகம் அத்தகைய அரங்கை எட்டியது அதுவே முதன்முறை. வில் மரியன் குக் இசையமைத்தார்; கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் பாடல் எழுதினார். அவ்வாண்டே அந்நாடகம் லண்டனுக்குச் சென்று, பக்கிங்ஹாம் அரண்மனையிலும் நிகழ்ந்தது.

அலெக்ஸ் ராஜர்ஸின் வரிகளுக்கு வில்லியம்ஸ் இசையமைத்த 'நோபடி' 1906இல் இசைத்தட்டாக வெளிவந்தது. எவராலும் கண்டுகொள்ளப்படாத மனிதனின் புலம்பல் அது. சிரிக்கவைக்கும், சிரித்தவரை நெருடவும் செய்யும். கடைசிவரை அவையோர் அவரிடம் அதையே கேட்டனர்.

1909இல் வாக்கர் நோயுற்றார்; 1911இல் இறந்தார். ஃபாலீஸில் வில்லியம்ஸுடன் நடிக்க மாட்டோம் என்று வெள்ளை நடிகர் சிலர் மிரட்டியும் ஜீக்ஃபெல்ட் இணங்கவில்லை. 1919 வரை அக்குழுவின் முன்னணி நட்சத்திரங்களுள் ஒருவராக அவர் விளங்கினார். அரங்கு நிறைய அவர்பொருட்டுக் கைதட்டிய ஊர்களிலேயே விடுதிகள் அவரைப் பின்வாசல் வழியே அனுப்பின.

தம் மக்களைக் கேலிப்பொருளாக்கினார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், தன்னை இழிவுபடுத்தும் வேடத்தைத் தானே ஏற்றாலன்றி மேடை கிட்டாத நிலை நமக்கு அந்நியமானதன்று. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிறுத்த வேண்டியவர்கள் அந்த அரங்கின் உரிமையாளர்களே.

1922 பிப்ரவரியில் டெட்ராய்ட் மேடையில் அவர் சரிந்து விழுந்தார். அதுவும் நடிப்பென்று எண்ணி அவை சிரித்தது. மார்ச் 4 அன்று நியூயார்க்கில் காலமானபோது அவருக்கு வயது 47.

1913இல் அவர் நடித்து, முடிக்கப்படாமலே கைவிடப்பட்ட திரைப்படமொன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு 2014இல் திரையிடப்பட்டது. அதில் ராட்டினம் ஏறி, காதலித்து, முத்தமிடும் கறுப்பினத்தவர் கூட்டத்தில் மற்றவரெல்லாம் தத்தம் சொந்த முகத்துடன் தோன்றுகின்றனர். வில்லியம்ஸின் முகத்தில் மட்டும் கரி இருக்கிறது.