கப்பலேறிய மருத்துவமனை

1855ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து மக்கள் நாளிதழ்களைப் பிரிக்கவே அஞ்சினர். கிரிமியப் போரில் நோயுற்ற வீரர்கள் துருக்கியின் ஸ்குட்டாரி நகருக்கு அனுப்பப்பட்டனர். அங்கே மருத்துவமனையாகப் பயன்பட்டது ஒரு பழைய படைவீடு. அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்களின்மேல் அது நின்றது, காற்றோட்டமும் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியில், சேர்க்கப்பட்டோருள் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். குண்டடிபட்டு மாண்டோரைவிடக் கழிச்சலாலும் காய்ச்சலாலும் மாண்டோரே மிகுதி. கட்டடமே கொல்கிறது என்பதை உணர்ந்த அரசு, உதவி வேண்டி நாடியது ஓர் இருப்புப்பாதைப் பொறியாளரை.

அவர் இசம்பார்டு கிங்டம் புரூனெல். 1806 ஏப்ரல் 9ஆம் நாள் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். தந்தை மார்க் புரூனெல், பிரான்சிலிருந்து வந்த பொறியாளர். தேம்சு ஆற்றின் அடியில் தந்தை அமைத்த சுரங்கப்பாதையில் இளம் புரூனெல் பணியாற்றியபோது, 1828இல் ஆற்றுநீர் உடைத்துக்கொண்டு உட்புகுந்தது. அறுவர் மாண்டனர், அவர் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார். பின்னர், இலண்டனையும் பிரிஸ்டலையும் இணைத்த இருப்புப்பாதை அவர் பெயரை நாடறியச் செய்தது. 1843இல் குழந்தைகளுக்கு வித்தை காட்டுகையில் பொற்காசு ஒன்று அவருடைய மூச்சுக்குழலுள் சிக்கியது. மருத்துவர்களின் கருவிகளுக்கு அது அகப்படவில்லை. தம்மைப் பலகையில் பிணைத்துத் தலைகீழாகச் சாய்க்கச் செய்து, வாரங்கள் பல கழிந்தபின் காசை வெளிக்கொணர்ந்தார். நோயாளியாகக் கிடந்தபோதும் அவர் பொறியாளராகவே இருந்தார்!

போர்த்துறையின் அழைப்பை 1855 பிப்ரவரியில் ஏற்ற புரூனெல், சில நாள்களிலேயே திட்டத்தை வகுத்துவிட்டார். அவர்முன் இருந்த சிக்கல் எளிதன்று. கட்டடம் நிற்கப்போகும் நிலம் எதுவென்றே அப்போது முடிவாகவில்லை; அது மேடாகவும் இருக்கலாம், சரிவாகவும் இருக்கலாம். ஆகவே ஒரே பெருங்கட்டடம் என்னும் எண்ணத்தை அவர் கைவிட்டார். ஏறத்தாழ ஐம்பது படுக்கைகள் கொண்ட மரக்கூடங்களைத் தனித்தனி அலகுகளாக வகுத்தார். ஒவ்வோர் அலகுக்கும் குளியலறையும் கழிப்பறையும் உண்டு. கூரையிட்ட நீண்ட நடைவழி ஒன்று அலகுகளை இணைக்கும். வேண்டும்போது அலகுகளைக் கூட்டிக்கொள்ளலாம். எந்த உறுப்பும் இருவர் சுமக்கும் எடையை மிகலாகாது என்று வரையறுத்தார். வெயிலைத் திருப்பியனுப்பப் பளபளப்பான தகரத்தால் கூரை வேய்ந்தார். தீக்கு அஞ்சிச் சமையற்கூடத்தையும் சலவைக்கூடத்தையும் மரத்தால் அமைக்காது இரும்பால் அமைத்தார்.

அவருடைய நுட்பம் காற்றோட்டத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. கூடத்தின் கெட்ட காற்றை வெளியே இழுத்தால், கழிப்பறைக் காற்றும் உடன் உள்ளே வந்துவிடும். எனவே கையால் சுழற்றும் விசிறியைக் கொண்டு, தூய காற்றைத் தரையடிக் குழாய் வழியே கூடத்துள் செலுத்தினார். உள்ளழுத்தம் மிகும்போது கெட்ட காற்று தானே வெளியேறும். இக்கால அறுவைக்கூடங்களும் இதே நெறியில்தான் இயங்குகின்றன.

மாதிரிக்கூடம் ஒன்று இலண்டன் பாடிங்டனில் எழுப்பி ஆராயப்பட்டது. உறுப்புகள் குளோஸ்டரில் செய்யப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களில் தார்தனெல்ஸ் நீரிணைக் கரையிலுள்ள ரென்கியோய்க்குச் சென்றன. பொறியாளர் ஜான் பிரண்டன் அங்கு அவற்றைப் பொருத்தினார். மருத்துவர் எட்மண்டு பார்க்ஸ் பொறுப்பேற்றார். புரூனெல் அங்குச் சென்றதே இல்லை.

முதல் நோயாளிகள் அக்டோபரில் வந்தனர். அதற்கு முந்திய மாதமே செவஸ்தபோல் வீழ்ந்து, போரின் கடுமை தணிந்துவிட்டது. அங்குச் சிகிச்சை பெற்ற சுமார் 1,300 பேருள் இறந்தோர் ஐம்பதின்மரே. இவ்வெண்ணை ஸ்குட்டாரியின் கொடிய மாதங்களோடு அப்படியே ஒப்பிடுதல் முறையன்று. ரென்கியோய்க்கு வந்தோர் அத்துணைக் கொடிய நிலையில் வந்தவரல்லர். அதற்குள் ஸ்குட்டாரியிலும் கால்வாய்கள் துப்புரவு செய்யப்பட்டு இறப்பு குறைந்திருந்தது. எனினும், ஓராண்டு முன்னரே இக்கூடங்கள் எழுந்திருப்பின் எத்தனை இளைஞர்கள் வீடு திரும்பியிருப்பர் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

1856 மார்ச்சில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டே மருத்துவமனை மூடப்பட்டது. புரூனெலோ, அக்காலத்தின் மிகப்பெரிய கப்பலான கிரேட் ஈஸ்டர்னைக் கட்டும் பணியில் உடல்நலம் குன்றினார். 1859 செப்டம்பரில், அக்கப்பலின் மேல்தளத்திலேயே நோய் தாக்கி வீழ்ந்தவர், பத்து நாள்களில் தம் 53ஆம் அகவையில் மறைந்தார்.