796 சிசி-யில் ஒரு ரேஸ் கார்: கரிவரதன் கதை

வண்டலூர்ல அவுட்டர் ரிங் ரோடு ஏறினா, நசரத்பேட்டை பக்கம் பெங்களூர் ஹைவே வரும். அதுல மேற்கே திரும்பினா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். திரும்பாம வடக்கே போய்க்கிட்டே இருந்தா சோழவரம் பக்கம் கல்கத்தா ஹைவேயைத் தொடலாம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு அங்கே இருந்தது. இருங்காட்டுக்கோட்டை வர்றதுக்கு முன்னாடி தமிழ்நாட்டோட கார் ரேஸ் எல்லாம் அந்த ஓடுதளத்துலதான். இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல இந்திய ரேஸிங் எப்படி மாறிச்சுன்னு கேட்டா, எஸ். கரிவரதன் பேரைச் சொல்லாம பதில் சொல்ல முடியாது.

1954-இல் பிறந்தவர். கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பம். ரேஸ் வட்டாரத்துல எல்லாருக்கும் 'கரி'. பணத்துக்குக் குறைவில்லாத வீடுதான், மறைக்க வேண்டியதில்லை. சோழவரத்துல ரேஸ் ஓட்டினவங்கள்ல பலரும் அப்படிப்பட்டவங்கதான். ஒரு பக்கம் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரிச்சுக் கட்டின வண்டிகள், இன்னொரு பக்கம் வெளிநாட்டு ரேஸ் கார்கள். விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒண்ணையே கொண்டு வந்து அங்கே ஓட்டினார். இறக்குமதி லைசென்ஸ், சுங்க வரின்னு இருந்த காலம். ஒரு கியர் உடைஞ்சா அது கப்பல்ல வந்து சேர்ற வரைக்கும் வண்டி ஷெட்லதான். ரேஸ் முடிவுல பாதி, யார் என்ன கார் வாங்க முடியும்ங்கிறதுலயே முடிஞ்சு போயிடும். அந்த ஓடுதளமும் பவருக்குத்தான் சாதகம்: நீள நேர்கோடு, முழு வேகம், கடைசியில பலமா ஒரு பிரேக்.

அதே நேரத்துல ஐரோப்பாவுல ராலி கார்கள் போன திசையையும் பார்த்துக்கணும். 1980-களின் தொடக்கத்துல ஆடி குவாட்ரோ நாலு சக்கர டிரைவும் டர்போவுமா வந்து இறங்கிச்சு. மத்த கம்பெனிகளும் துரத்தினாங்க, குரூப் பி கார்கள் 500 குதிரைத்திறன் வரைக்கும் போச்சு. ஓட்டுற முறையே மாறிச்சு. டர்போ தூங்கிடக் கூடாதுன்னு வலது கால் ஆக்ஸிலரேட்டரை விடாது, இடது கால் பிரேக்கை மிதிக்கும். செலவோ பெரிய கம்பெனிகள் மட்டுமே தாங்குற அளவுக்கு ஏறிச்சு. 1986-இல் கோர்சிகா ராலியில லான்சியா ஓட்டின ஹென்ரி டோய்வொனெனும் பக்கத்து இருக்கைக்காரரும் எரிஞ்சு இறந்தாங்க. அந்த வருஷத்தோட குரூப் பி முடிஞ்சது.

கரிவரதன் போனது நேர் எதிர்ப் பாதை. கோவையில சொந்தமா கார் கட்டினவர், 1988-இல் 'ஃபார்முலா மாருதி'யைக் கொண்டு வந்தார். எஃகுக் குழாய்ல சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ், உள்ளே மாருதி 800-இன் எஞ்சின். 796 சிசி, மூணு சிலிண்டர், காருக்குள்ள இருந்தப்போ 40 குதிரைத்திறன்கூட கிடையாது. முன்சக்கரத்தை ஓட்டின எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே டிரைவர் முதுகுக்குப் பின்னாடி வெச்சா, அது பின்சக்கரத்தை ஓட்டுற ரேஸ் கார் ஆயிடும். புதுசா கியர்பாக்ஸ் செய்ய வேண்டாம், ஸ்பேர் பார்ட்ஸ் ஊர்க் கடையிலயே கிடைக்கும். இன்னிக்கு ஃபார்முலா, பாஹா டீம்ல கார் கட்டுறவங்களுக்கு இந்தக் கணக்கோட அருமை சொல்லாமலே புரியும்.

எல்லாருக்கும் ஒரே எஞ்சின்னு ஆனதும் ஓட்டுற விதமும் மாறித்தான் ஆகணும். இந்த வண்டியில வளைவுக்கு முன்னாடி தேவைக்கு மேல ஒரு நொடி பிரேக் பிடிச்சா, இழந்த வேகத்தை மீட்டுத் தர எஞ்சின்ல தெம்பு இல்லை. அதனால ஸ்டீயரிங்கை வெட்டி இழுக்காம, வேகம் கொட்டாம வளைவைக் கடக்கணும். நேர்கோட்டுல முன்னாடி போற காரோட காற்று நிழல்ல ஒட்டிக்கிட்டே போகணும். 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில 12 வளைவுகளோட 3.7 கிலோமீட்டர் டிராக்கைத் திறந்தப்போ, இந்தக் குட்டி கார்களுக்கு அது சரியான பள்ளிக்கூடமா அமைஞ்சது.

பலமுறை சவுத் இந்தியா ராலி ஜெயிச்ச ஜி.ஆர். கார்த்திகேயனோட மகன் நரேன், ஓட்டின முதல் ரேஸே இங்கேதான், ஃபார்முலா மாருதியில. அதுலயே மேடை ஏறினார். 1994-இல் பிரிட்டன்ல ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை ஜெயிச்சார். அதுவரைக்கும் கரிவரதன் இருந்தார். 1995 ஆகஸ்ட்ல ஒரு விமான விபத்துல இறந்தப்போ அவருக்கு வயசு 41.

2000-இல் சென்னைப் பையன் கருண் சந்தோக் ரேஸ் உலகத்துக்குள்ள நுழைஞ்சதும் அதே ஃபார்முலா மாருதியிலதான். 2005-இல் நரேன், 2010-இல் கருண். இந்தியாவுல இருந்து ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டினவங்க இதுவரைக்கும் இந்த ரெண்டே பேர்.

கோவை செட்டிப்பாளையத்துல 2003-இல் திறந்த டிராக்குக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே'ன்னு பேர். அங்கே ஓடுற எல்ஜிபி ஃபார்முலா 4 கார்ல இருக்கிறதும் மாருதி எஞ்சின்தான், இப்போ 1,300 சிசி.