விஷ வாயுவுக்குத் துணை போகாத விஞ்ஞானி

குளிர்கால இரவில் அடுப்புப் புகை மேலே எழாது. தெருவிலேயே படுத்துக் கிடக்கும். இதற்குக் கணக்குச் சொன்னவர் லூயிஸ் ரிச்சர்ட்சன்.

1881-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். போரே கூடாது என்னும் குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம். முதல் உலகப் போரில் அவர் துப்பாக்கி ஏந்தவில்லை. பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார்.

பலப்பரீட்சை

இரவில் தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. மேலே இருப்பதோ லேசான காற்று. கீழுள்ள கனத்தைத் தூக்கினால்தான் காற்றுச் சுழல் உயிர் வாழும். அதற்குப் பலம் தருவது, உயரே போகப் போகக் கூடும் காற்றின் வேகம். வேகம் வென்றால் புகை கலைந்துவிடும். கனம் வென்றால் சுழல் அடங்கும். புகை தரையோடு தங்கும்.

இந்தக் கணக்கை 1920-ல் வெளியிட்டார். அதில் பிறந்ததே "ரிச்சர்ட்சன் எண்".

ராஜினாமா

வானிலை இலாகா விமானப் படையை நடத்தும் அமைச்சகத்தின் கீழ் போயிற்று. 1920-ல் ரிச்சர்ட்சன் வேலையை உதறினார்.

பின்னர், அவருடைய ஆராய்ச்சியில் அதிக ஆவல் காட்டியவர்கள் விஷ வாயு நிபுணர்கள்! புகை தங்கும் இடத்தில் விஷமும் தங்கும் அல்லவா? அவர் மனம் உடைந்தது. அச்சேறாத ஆராய்ச்சிகளை அழித்துவிட்டார் என்று மனைவி டோரதி கூறியிருக்கிறார்.

பிறகு, போர்கள் ஏன் மூளுகின்றன என்று ஆராய்ந்தார். 1953-ல் காலமானார்.

நகரத்து நச்சுப் புகை எந்த இரவில் கலையாது என்று கணிக்க, அவருடைய எண் இன்று உதவுகிறது.