கம்பரைத் துணைகொண்ட யாத்திரிகர்: எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை

இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே (1265–1321) இருண்ட கானகத்தில் வழிதவறி நின்றபோது, அவருக்கு வழிகாட்ட வந்தவர் இறையடியார் ஒருவர் அல்லர். ரோமானியப் புலவர் வர்ஜில். நரகத்தின் வட்டங்களையும், பாவம் கழுவும் மலையின் படிகளையும் கடக்கும் வரை உடன்வந்த அப்புலவர், விண்ணுலகை அடையுமுன் சொல்லாமலே மறைந்துவிடுகிறார். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தவராதலின் அவருக்கு அவ்வுலகில் இடமில்லை. தம் கவிகுருவைக் காணாது தாந்தே கண்ணீர் விடும் அந்த இடம், நூறு காண்டங்கள் கொண்ட அக்காவியத்தில் மறக்கவொண்ணாதது.

ஆன்மாவின் பயணத்தைப் பாடிய கிறித்தவக் காவியம் ஒன்று தமிழிலும் உண்டு. அதுவே இரட்சணிய யாத்திரிகம். அதை யாத்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் புதிய சமயத்தின் வாயிலில் நின்றபோது, பழைய கவிகுருவை என் செய்வது என்னும் வினாவை எதிர்கொண்டார். அதற்கு அவர் தந்த விடையே அவரது வாழ்க்கை.

கிருஷ்ணபிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ வேளாளர் குடும்பம். தந்தையார் கம்பராமாயணத்தில் ஊறித் திளைத்தவர். பூவிருந்தவல்லியில் திருக்கச்சி நம்பிகளின் பெயரைச் சொல்லி வளரும் நம் பகுதிக் குழந்தைகளைப் போலவே, அவரும் திருமால் பக்தியையும் தமிழையும் ஒருசேரப் பருகி வளர்ந்தார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் முறையாகப் பாடங்கேட்டு இலக்கண இலக்கியங்களில் தேர்ந்தார்.

1853ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஜி.யு. போப் நிறுவிய சாயர்புரம் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். கால்டுவெல் அவரது புலமையைச் சோதித்தறிந்து அப்பணிக்குத் தெரிந்தெடுத்தார். வயிற்றுப்பாட்டுக்காகவே அங்குச் சென்றவர் அவர். கிறித்தவத்தின்பால் அவருக்கு அன்று ஈடுபாடு எதுவுமில்லை. ஆனால் நண்பரும் உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் ஒருவர்பின் ஒருவராகப் புதிய சமயத்தை நாடிய காலையில், அவர் உள்ளத்திலும் போராட்டம் மூண்டது. குலத்தையும் உறவையும் வழிபட்ட தெய்வத்தையும் துறத்தல் அக்காலத்தில் எளிதன்று. துறந்தவருக்கு ஊரில் நீரும் நெருப்பும் கிடைப்பது அரிது. அந்த விலையை அறிந்தே அவர் முடிவெடுத்தார். சென்னைக்கு வந்து, 1858ஆம் ஆண்டு ஏப்ரலில், மயிலாப்பூர்த் தூய தோமையார் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரடு கிருஷ்ணபிள்ளை ஆனார். அப்போது அவருக்கு வயது முப்பது.

சென்னையில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். பின்னர்த் தென்பாண்டி நாட்டுக்கே மீண்டு சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும், அதன்பின் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் தமிழ் பயிற்றுவித்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மிற் பலருக்கு, ஊர்விட்டு ஊர்சென்று வாழ்ந்த இப்புலவரின் நிலை நன்கு விளங்கும். சென்றவிடமெல்லாம் அவர் பிரியாமல் கொண்டுசென்ற உடைமை தமிழ் ஒன்றே.

ஆங்கிலேயரான ஜான் பனியன், சமயக் கொள்கைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். 1678இல் அவர் வெளியிட்ட உருவகக் கதை உலகெங்கும் பரவிற்று. அழிவுக்குரிய நகரைவிட்டு ஓடும் ஒருவன், முதுகில் பாவச்சுமையுடன் சேற்றிலும் பள்ளத்தாக்கிலும் மாயச் சந்தையிலும் அல்லலுற்று, இறுதியில் ஆற்றைக் கடந்து வானகரம் புகுகிறான். தாந்தே பாடியது இறப்புக்கு அப்பாலுள்ள உலகங்களை. பனியன் சொன்னது அவ்வுலகை நோக்கி உயிருள்ளபோதே நடக்கும் நடையை. வீட்டையும் சுற்றத்தையும் விட்டு ஓடும் அந்த யாத்திரிகனிடம் கிருஷ்ணபிள்ளை தம்மையே கண்டிருப்பார் என எண்ணுதல் தவறாகாது.

அவர் அக்கதையை மொழிபெயர்க்கவில்லை. தமிழ்க் காவியமாகப் புதிதாகப் படைத்தார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்து, 3,766 பாடல்களில் விருத்தங்களாக விரித்தார். பனியன் கதையில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடினார். இடையிடையே தேவாரம் என்னும் பெயராலேயே இசைப்பாடல்களையும் அமைத்தார். பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் என்னும் திங்களிதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்த இந்நூல், 1894ஆம் ஆண்டு மே திங்களில் நூலுருப் பெற்றது. இரட்சணிய மனோகரம், போற்றித் திருஅகவல் முதலியன அவர்தம் பிற நூல்கள்.

குறை கூறுவோரும் உளர். பண்புகளே மாந்தராக உலவும் உருவகக் கதையாதலின் சில படலங்களில் உயிர்த்துடிப்புக் குன்றுகிறது. வடசொல் மிகுதியால் இன்றைய வாசகர் சில இடங்களில் தடைப்படுகின்றனர். இவை மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் சிலுவைப்பாட்டைச் சொல்லும் இடங்களில், தந்தையாரின் திண்ணையில் கேட்ட கம்பனின் சந்தமும் ஆழ்வார்களின் உருக்கமும் ஒன்றாய்க் கலந்து ஒலிப்பதைக் கேட்போர் அக்குறைகளை மறப்பர். கிறித்தவக் கம்பர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது இக்காரணத்தாலேயே.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார்.

தாந்தேயின் வழிகாட்டி விண்ணுலகுக்கு இப்பால் நின்றுவிட்டார். கிருஷ்ணபிள்ளையோ தாம் வழிபட்ட தெய்வத்தை விட்டார், குலத்தை விட்டார், கம்பரை மட்டும் விடவில்லை. அவருடைய யாத்திரிகன் வானகரத்துள் அடியெடுத்து வைக்கும்போது, கம்பரின் விருத்தநடையும் உடன் நுழைகிறது. சமயம் மாறினால் மொழியும் மரபும் அயலாகிவிடும் என அஞ்சுவோருக்கும், அயலாக்கிவிட முனைவோருக்கும் இதுவே அவர் விட்டுச்சென்ற மறுமொழி. வைணவரும் சைவரும் கிறித்தவரும் இசுலாமியரும் சமயம் சாராதாரும் ஒரே பாயில் அமர்ந்து பத்தாண்டுகளாகத் தமிழ் பேசிவரும் நம் வட்டத்தில், இப்பெருமகனாருக்கு என்றும் ஓர் இருக்கை உண்டு.