பேரறிஞர் பெர்தெலோ

பாறைப் பிளவுகளில் விளையும் படிகக் கற்களுட் பல, தெளிந்த நீர்போல் நிறமின்றி விளங்குகின்றன. சில மட்டும் அழகிய ஊதா நிறம் பெற்றுச் செவ்வந்திக்கல் என்னும் பெயரால் மணியாக மதிக்கப்படுகின்றன. கல்லின் பொருள் ஒன்றாயிருக்க, நிறம் வேறுபட்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணும் வழியைத் தம் முதுமைப் பருவத்தில் காட்டியவர், பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் மார்செலின் பெர்தெலோ ஆவார்.

அவர் 1827-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு மருத்துவர். கல்வியில் சிறந்து விளங்கிய பெர்தெலோ, 1851-இல் கொலேஜ் த பிரான்சு என்னும் உயர்கல்வி நிலையத்தில் ஆய்வுக்கூட உதவியாளராய் அமர்ந்தார்.

உயிர்களின் உடலில் உண்டாகும் பொருள்களை உயிராற்றலின் துணையின்றி ஆக்க இயலாது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். ஒரு பொருளைப் பிரித்துக் காண்பதோடு நில்லாமல், அதனை மீண்டும் கூட்டி ஆக்கினால்தான் அதைப் பற்றிய அறிவு நிறைவுறும் என்பது பெர்தெலோவின் கொள்கை. 1854-இல் கிளிசரினையும் அமிலங்களையும் சேர்த்துக் கொழுப்புப் பொருள்களை ஆக்கினார். 1862-இல் ஹைட்ரஜன் வாயுவினூடே கரிமுனைகளுக்கிடையில் மின்வில் பாய்ச்சி அசெட்டிலீன் வாயுவைப் பெற்றார். பழைய நம்பிக்கை தளர்ந்தது.

அவர் ஆய்வுக்கூடத்துள் அடங்கிவிடவில்லை. 1870-இல் பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டபோது, நகரின் பாதுகாப்புக்கான அறிவியல் குழுவிற்குத் தலைமை தாங்கினார். பின்னர்க் கல்வி அமைச்சராகவும், வெளிநாட்டு அமைச்சராகவும் பணியாற்றினார்.

1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். அதன் கதிர்கள் பட்ட கண்ணாடி நிறம் மாறுவது தெரியவந்தது. செவ்வந்திக்கல்லின் நிறத்திற்கும் இத்தகைய கதிர்களே காரணமோ என்று பெர்தெலோ ஆராயத் தலைப்பட்டார். பதவியும் புகழும் பெற்று ஓய்ந்திருக்கத்தக்க 78 வயதில், 1906-இல், அவ்வாய்வின் முடிவை வெளியிட்டார். செவ்வந்திக்கல்லைச் சூடேற்ற, ஊதா நிறம் அகன்று கல் வெளுத்தது. வெளுத்த கல்லை ரேடியத்தின் அருகே வைக்க, இழந்த நிறம் திரும்பியது!

இதனால் விளங்கிய உண்மை யாது? நிறந்தரும் பொருள் வெப்பத்தால் எரிந்து போயிருந்தால், ஊதா நிறம் மீண்டிராது. அப்பொருள் கல்லினுள்ளேயே இருந்தது. அதன் நிலையே மாறியது. வெப்பம் கெடுத்த நிலையைக் கதிர்கள் திரும்ப உண்டாக்கின. பிரித்தலும் கூட்டலுமாகிய அவருடைய பழைய முறையே இங்கும் வென்றது.

ஆயினும், அப்பொருள் மாங்கனீசு என்று அவர் கருதியது பொருந்தவில்லை. அது இரும்பு என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. இரும்பு சிறிதளவு கலந்த படிகத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபோது, அது ஊதா நிறம் பெற்றது. பாறைகளில் இயற்கையாக உள்ள கதிரியக்கப் பொருள்கள் நெடுங்காலமாக வீசும் கதிர்கள், படிகத்திலுள்ள இரும்பணுவின் மின்னணுவை நீக்குகின்றன. அவ்வாறு மாறிய இரும்பு, ஒளியின் ஒரு பகுதியைக் கவர்ந்துகொள்வதால் ஊதா நிறம் தோன்றுகின்றது. புகைநிறப் படிகத்தில் இரும்புக்கு ஈடாக நிற்பது அலுமினியம். பெர்தெலோவின் பிழையைத் திருத்தியதும், ஆக்கிக் காணும் அவர் முறையேயாகும்.

1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் அவருடைய மனைவியார் சோஃபி உயிர் நீத்தார். அப்பிரிவைத் தாங்காத பெர்தெலோவும் சிறிது நேரத்தில் மறைந்தார். பெரியோர்க்குரிய பாந்தியோன் மண்டபத்தில் இருவரையும் ஒருங்கே அடக்கம் செய்து பிரெஞ்சு மக்கள் சிறப்பித்தனர்.

கண்ணுக்கினிய நிறத்தைக் கண்டு மகிழ்வது எல்லோர்க்கும் எளிது. அதன் காரணத்தைத் தேடுவதும், தேடியதைச் சோதித்துக் காண்பதும் அறிஞர் இயல்பு. தாம் கொண்ட கருத்தைப் பின்வருவோர் திருத்துதற்கேற்ற வழியையும் வைத்துச் சென்ற பெர்தெலோவின் உழைப்பு மாணவர் அனைவரும் போற்றத்தக்கது.