இசைக்கடல் கண்ட ஆபிரகாம் பண்டிதர்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றினர் நம் முன்னோர். ஆயின் இயலுக்குக் கிட்டிய நல்வாய்ப்பு இசைக்குக் கிட்டவில்லை. புலவன் பாடிய பாட்டு ஓலையில் ஏறி நின்றது. அப்பாட்டைப் பாணன் எந்தப் பண்ணில், எந்த நெளிவு சுளிவோடு பாடினான் என்பது மட்டும் அவன் மூச்சோடு போயிற்று. இவ்விழப்பை எண்ணி வருந்தியோர் பலர். வருந்தியதோடு நில்லாமல் தம் கைப்பொருளையும் வாழ்நாளையும் செலவிட்டு, எஞ்சியதையேனும் அளந்து எழுதி வைத்தவர் சிலரே. அச்சிலருள் தலையாயவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

அப்பெரியாரின் வாழ்க்கையை எழுத நான் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. எங்கள் ஊர் பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூர். என் தாத்தா தெருக்கூத்தில் முகவீணை வாசித்தவர். கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாள்களில் அவரை வீட்டில் காண்பது அரிது. கர்ண மோட்சம் ஆடும் இரவில், போர்க்களம் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தில் தாத்தாவின் முகவீணை அழும். கூட இருந்து கேட்ட பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைச் சிறுவனாகப் பல முறை பார்த்திருக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கையில் அவர் மறைந்தார். எங்கள் வீட்டில் கைப்பேசி இருந்தது. கல்யாணப் பந்தியைப் படம் பிடித்தோம். பிறந்த கன்றுக்குட்டியைப் படம் பிடித்தோம். தாத்தாவின் வாசிப்பைப் பதிந்து வைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. அவருக்கோ சுரங்களின் பெயர் தெரியாது. விரல்களுக்கு மட்டுமே தெரியும். முகவீணை இன்றும் பரண்மேல் இருக்கிறது. இசை இல்லை. இந்தக் குறையோடு கல்லூரிக்கு வந்த நான், முத்தமிழ் பற்றிய வகுப்பொன்றில் பண்டிதர் பெயரை முதன்முதல் கேட்டேன். பின்னர் அவர் நூலை மின்னூலாகத் தேடி எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க, என் தாத்தாவைப் போன்ற எண்ணற்றோருக்காகவே ஒருவர் உழைத்துச் சென்றிருக்கிறார் என்னும் எண்ணம் வலுத்தது.

பிறப்பும் கல்வியும்

தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில், முத்துசாமி, அன்னம்மாள் இணையருக்கு மகனாக 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஆபிரகாம் பிறந்தார். கிறித்தவ நெறி தழுவிய எளிய குடும்பம். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று ஆசிரியத் தொழிலில் அமர்ந்தார். ஆங்குச் சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் கற்றார். கூடவே சித்த மருத்துவ ஏடுகளில் அவர் உள்ளம் தோய்ந்தது. மூலிகை தேடிச் சுருளிமலைக்குச் சென்றவர், அங்குக் கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு மருத்துவ நுட்பங்களைப் பெற்றார் என்பர். பிற்காலத்தில் தம் மருந்தகத்திற்கும் நூலுக்கும் பண்ணைக்கும் அவர் வைத்த பெயர்களிலெல்லாம் 'கருணா' என்னும் சொல் முன்னிற்கக் காண்கிறோம். குருவை மறவா உள்ளத்திற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டே இருவரும் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். ஏழாண்டுகள் சென்றன. நோயாளிகள் தேடி வருவது பெருகவே 1890இல் அவ்வேலையை விட்டு முழுநேர மருத்துவரானார். அவருடைய சஞ்சீவி மருந்துகள் தமிழகம் கடந்தும் புகழ் பெற்றன. செல்வம் சேர்ந்தது. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் கரும்பும் பயிரிட்டார். ஊரார் அதனைப் பண்டிதர் தோட்டம் என்று அழைத்தனர். 1909இல் அரசினர் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கினர்.

இவ்வளவோடு அவர் கதை முடிந்திருந்தால், வளமாக வாழ்ந்த மருத்துவர் ஒருவர் என்றளவில் தஞ்சை அவரை நினைவிற்கொண்டிருக்கும். அவரோ மருந்தால் வந்த பொருளை இசைக்கு வாய்க்காலாக வெட்டி விட்டார்.

கற்போர்க்கு ஒரு நூல்

அந்நாளில் இசை கற்க விரும்புவோன் ஆசிரியர் வீட்டிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்து, அவர் பாடக் கேட்டுப் பாட வேண்டும். தொடக்கப் பாடங்களாகிய கீதங்களும் சுரசதிகளும் பெரும்பாலும் பிறமொழிகளிலேயே இருந்தன. பொருள் விளங்காத சொல்லை வாயில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகள் சுரம் பழகினர். இசையை எழுத்தில் நிறுத்தும் முயற்சியும் அக்காலத்தே தோன்றியிருந்தது. சின்னசாமி முதலியார் கீர்த்தனைகளை மேலைநாட்டு ஐங்கோட்டு முறையில் 1890களில் அச்சிட்டார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். முன்னது ஐரோப்பிய முறை அறிந்தோர்க்கும், பின்னது தெலுங்கு அறிந்தோர்க்கும் பயன்பட்டது. தமிழ் மட்டும் அறிந்த மாணவன் எங்குச் செல்வான்?

இவ்வினாவுக்கு விடையாகப் பண்டிதர் தாமே பாடல் இயற்றினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பாடல்களைத் தொகுத்துக் கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பெயரில் 1907இல் வெளியிட்டார். அவற்றுள் இறைவனைப் போற்றுவன பல. தொடக்க மாணவனும் படிப்படியே ஏறிச் செல்லத்தக்க வகையில் தமிழில் அமைந்த பயிற்சி நூல் அது. தம் பிள்ளைகளுக்கும் இசை கற்பித்தார். பெண்மக்கள் அவையில் பாடுவதை உலகம் ஒருவாறாக நோக்கிய அக்காலத்தில், தம் மகள்களை வீணையிலும் வாய்ப்பாட்டிலும் வல்லவர்களாக்கியது எளிய செயலன்று.

ஏழு மாநாடுகளும் பரோடாவும்

1912ஆம் ஆண்டு தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அமைப்பை நிறுவினார். அதன் சார்பில் 1916க்குள் ஏழு இசை மாநாடுகள் நடந்தன. வந்த வித்துவான்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்துப் பெருஞ்செலவையெல்லாம் தாமே ஏற்றார். சென்னையில் மியூசிக் அகாதெமி தோன்றியது 1928இல் என்பதை நினைத்துப் பார்த்தால், இவர் எவ்வளவு முன்னே நடந்தவர் என்பது விளங்கும். 1916இல் பரோடாவில் அனைத்திந்திய இசை மாநாடு கூடியது. அங்கும் பண்டிதர் சென்று தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தார். வெறும் பேச்சாக விடாமல், தம் பெண்மக்களைப் பாடவும் வாசிக்கவும் செய்து செவியறியக் காட்டினார். அவையிலிருந்த அறிஞர் அனைவரும் உடன்பட்டனர் என்று சொல்வதற்கில்லை. மறுத்தோரும் இருந்தனர். ஆயினும் தமிழிசைக்கென்று ஒரு கணக்குண்டு என்பதை வடபுலம் அன்று செவிமடுத்தது.

இருபத்து நான்கா, இருபத்திரண்டா?

அவர் கொள்கைதான் யாது? ஆர்மோனியப் பெட்டியை நோக்குங்கள். ஒரு சட்சத்திற்கும் அடுத்த மேல் சட்சத்திற்கும் இடையே பன்னிரண்டு படிகள் உள்ளன. ஒவ்வொரு படியையும் இரண்டாக்கினால் இருபத்து நான்கு. இவ்விருபத்து நான்கும் ஒத்த விகிதத்தில் உயர்வன என்பது பண்டிதர் கணக்கு. கீழ்ச் சட்சத்திற்கு நொடிக்கு 240 அதிர்வு என்று கொண்டால், மேல் சட்சம் 480 ஆகும். ஒவ்வொரு சுருதியும் தனக்கு முந்தியதைப் போல் ஏறத்தாழ 1.0293 மடங்கு. எனவே முதற்படி ஏழு அதிர்வளவே உயர, கடைசிப் படியோ பதினான்களவு உயரும். கூட்டலில் ஏறாது பெருக்கலில் ஏறும் ஏணி இது.

சிலப்பதிகாரத்தை ஒட்டி வழங்கிவரும் பகுப்பில் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழிசைக்கும் சேர்த்து 22 அலகுகள் வருகின்றன. வடமொழியில் சாரங்கதேவர் முதலியோர் கூறுவதும் இருபத்திரண்டே. பண்டிதரோ கைக்கிளைக்கும் விளரிக்கும் ஒவ்வோர் அலகு குறைத்துக் கூறப்பட்டது என்றும், நிறைந்த வட்டத்தில் அவையும் நான்கு நான்காகி 24 ஆகும் என்றும் வாதிட்டார். இராசி வட்டம்போல் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு அலகு என்னும் வட்டப்பாலை முறை அவர்க்குத் துணை நின்றது. இக்கொள்கை இன்றளவும் எல்லார்க்கும் ஒப்ப முடிந்ததன்று. பின்வந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில் இருபத்திரண்டு சுருதிகளைக் கொண்டே ஆய்ந்தார். குமரிக் கண்டத்தைப் பற்றிப் பண்டிதர் எழுதியவற்றை இன்றைய நிலவியலும் ஏற்பதில்லை. ஆயினும் பண்டைய நூற்பாக்களைக் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்காமல், எண்ணாலும் கருவியாலும் செவியாலும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்னும் துணிவை அவரே நமக்குத் தந்தார்.

கடலென ஒரு நூல்

இவ்வாராய்ச்சியின் பயனாக எழுந்ததே கருணாமிர்த சாகரம். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூல் 1917இல் வெளிவந்தது. கணக்கட்டவணைகளும் வட்டப்படங்களும் நிறைந்த அந்நூலை, தஞ்சையில் தாமே நிறுவிய லாலி அச்சகத்தில் அச்சிட்டார்.

அதே 1917ஆம் ஆண்டில் உலகின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. நியூயார்க் நகரில் முதல் ஜாஸ் இசைத்தட்டு பதிவானது அவ்வாண்டில்தான். ஜாஸ் இசை அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த செல்வம். ஆனால் அம்முதல் தட்டில் வாசித்தவர்கள் வெள்ளையர். நியூ ஆர்லியன்ஸ் நகரில் அவ்விசைக்கு வழிகோலியவராகக் கருதப்படும் பட்டி போல்டன் என்னும் கறுப்பினக் கலைஞரின் எக்காள ஒலி ஒரு தட்டிலும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பெயர் மட்டும் நிற்கிறது. இதைப் படித்தபோது பரண்மேல் கிடக்கும் முகவீணைதான் என் கண்முன் வந்தது. எழுதாத இசைக்கும் பதியாத இசைக்கும் எந்த நாட்டிலும் விதி ஒன்றே போலும்!

நூல் வெளிவந்த இரண்டாண்டில், 1919 ஆகஸ்டு 31ஆம் நாள், அறுபதாம் அகவையில் பண்டிதர் மறைந்தார். எழுதிச் சென்ற இரண்டாம் பகுதி உறங்கிக் கிடக்கவில்லை. மகள் மரகதவல்லி அம்மையார் 1946இல் அதனை வெளிக்கொணர்ந்தார். மகன் வரகுண பாண்டியன் பாணர் கைவழி என்னும் யாழ் ஆராய்ச்சி நூலை எழுதினார். 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்திற்கு அவ்வுழைப்பு முன்னரே உரமிட்டிருந்தது.

நான் கற்ற பாடம்

பண்டிதரைப் படித்த பின் என்னால் வாளா இருக்க இயலவில்லை. தாத்தாவின் குழுவில் ஆர்மோனியம் வாசித்த மாமா ஒருவர் எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். சென்ற ஆண்டு முதல் ஞாயிறுதோறும் குறிப்பேடும் கைப்பேசியுமாக அவரிடம் செல்கிறேன். முதலில் அவர் சிரித்தார். கூத்துப் பாட்டை எழுதிப் பரீட்சையா எழுதப் போகிறாய் என்று கேட்டார். நான் விடவில்லை. அவர் பாடுவார், நான் கட்டையில் தேடிச் சுரமாக எழுதுவேன். தவறினால் தலையில் குட்டுவார்.

கர்ண மோட்சத்து விடைபெறும் தருவை எழுதுகையில் இடர்ப்பட்டேன். மாமா பாடிய ஓரிடம் எந்தக் கட்டையிலும் விழவில்லை. இரு கட்டைகளுக்கும் நடுவே நின்றது. அவ்விடத்தை உன் தாத்தா முகவீணையில் பிடிப்பார், இப்பெட்டியில் அது கிடையாது என்றார் மாமா. அப்போதுதான் பன்னிரண்டைப் பண்டிதர் ஏன் இருபத்து நான்காக்கினார் என்பது, எனக்குப் புத்தகத்தால் விளங்காதது, செவியால் விளங்கியது. அச்சுரத்தின்மேல் சிறு கோடிட்டு எழுதி வைத்தேன். மாமா அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மறுவாரம் தாமாகவே இன்னும் இரண்டு பாட்டுகளை நினைவுபடுத்தி வைத்துக் காத்திருந்தார்.

இதுவரை பதினொரு பாடல்கள் ஆகியிருக்கின்றன. தாத்தாவின் வாசிப்பு திரும்பப் போவதில்லை. ஆயினும் அது நின்ற இடம் எது என்று காட்ட ஒரு கோடாவது தாளில் இருக்கிறது.

நண்பர்களே! நம் மாவட்டத்தின் ஊர்தோறும் கூத்துப் பாட்டும், ஒப்பாரியும், நடவுப் பாட்டும் முதியோர் நாவில் இன்னும் இருக்கின்றன. பண்டிதர்க்கு அச்சகம் வேண்டியிருந்தது. தோட்டத்து வருவாய் வேண்டியிருந்தது. நமக்கு வேண்டுவது ஒரு குறிப்பேடும், ஞாயிற்றுக்கிழமையும், சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியுமே. கேட்போம்; எழுதுவோம்; பதிவோம். ஆபிரகாம் பண்டிதர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.